கோல்கீப்பரின் இடது பக்கச் சேறு

மூன்று ஆட்டத்தில் ஒரு கோல்கூட வாங்காத பட்டணத்துக் கல்லூரியோடு மறுநாள் இறுதி ஆட்டம். தோற்றால் இனி கால்பந்து அணியே கிடையாது என்று நம் கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார்.

பயிற்சியாளர் தேவசகாயம் பலகையில் கோடு போட்டு, "எல்லாப் பந்தையும் நடுவிலேயே அடிங்கடா" என்றார்.

விடுதியில் தங்கிய இரண்டு அணிக்கும் துணி துவைக்கிற மரியபுஷ்பம் வாசலில் நின்றாள். "சார், அவங்க கோல்கீப்பருக்கு வலது கைப் பக்கம் அடிக்கச் சொல்லுங்க."

"சோப்புப் போடுறவ எனக்குப் பந்தாட்டம் சொல்லித் தாறாளாக்கும்" என்று சிரித்தார் அவர்.

அவள் நகரவில்லை. "மூணு நாளா அந்தத் தம்பி சட்டையைத் துவைக்கேன் சார். இந்த மழையிலயும் சேறு இடது பக்கம் மட்டும்தான். வலது பக்கம் தேய்ச்சு மடிச்ச மாதிரியே இருக்கு. அந்தப் பக்கம் அவர் விழுறதே இல்ல."

அணித்தலைவன் ஜெரின் எழுந்து பலகையில் இருந்த கோட்டை அழித்தான்.

மறுநாள் இரண்டு கோல் அடித்து நம் அணி ஜெயித்தது, இரண்டும் அந்த வலது மூலையில். இரண்டாவதற்குக் கோல்கீப்பர் அந்தப் பக்கம் பாய்ந்து விழுந்தும் கை எட்டவில்லை.

சாயங்காலம் அழுக்கு மூட்டையைத் தேவசகாயமே சுமந்து வந்தார். மேலே கிடந்த கோல்கீப்பர் சட்டையை மரியபுஷ்பம் விரித்துப் பார்த்தாள்.

"இன்னைக்குத்தான் சார் ரெண்டு பக்கமும் சேறு."