தரை மட்டும் தெரியுது

ரொமால்டுக்கு அன்னைக்குக் கோவம் மூக்குக்கு மேல ஏறிக்கிடந்துச்சு. புதுசா மாட்டுன மீன் காட்டும் மிஷின், திரை முழுக்க செவப்புப் புள்ளியா அள்ளிக் கொட்டுது. அவரும் புள்ளியைப் பாத்துப் பாத்து வலை விடச் சொல்லுதாரு. ஏறி வர்றதென்னவோ பாசியும் சொறிமீனும்தான்.

"இன்னைக்கும் வெறும் வலைன்னா நாங்க வேற போட் பாத்துக்கிடுதோம், ஓனரே"ன்னு படகு ஆளுங்க சார்பா சூசை சொல்லிட்டான்.

அதான், மிஷினை மாட்டுன லியோனையே கையோட கடலுக்கு இழுத்துட்டு வந்துட்டாரு. லியோன் அவரைவிட இருவது வயசு சின்னவன். இவன்கிட்டப் போய் பாடம் கேக்கணுமான்னு அது வேற எரிச்சல்.

"வாத்தியாரே, நீ மாட்டுனது மிஷினா, கண்கட்டு வித்தையா?"

லியோன் மிஷின்ல கூட்டிக் கொறைக்கிற குமிழைத் தொட்டுப் பாத்தான். கடைசிவரைக்கும் திருகி வச்சிருந்துச்சு.

"எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு கூட்டி வச்சிருக்கீங்க?"

"ஒரு மீனையும் விட்ரக் கூடாதுல்லா! கூட்டுனாத்தானே நெறைய காட்டுது?"

பக்கத்துல வயர்லெஸ்ல வேற படகுக்காரர் யாரோ பேசிக்கிட்டிருந்தாரு. லியோன் அதோட சத்தத்தை ஒரேயடியா கூட்டிவிட்டான். கரகரன்னு காது கிழிஞ்சுது.

"கொறைலே! ஒரு எழவும் வெளங்கல!"

"கூட்டுனா நெறைய கேக்கும்லா, அண்ணாச்சி."

சூசை பக்குன்னு சிரிச்சுட்டான். ரொமால்டு அவனை ஒரு மொறை மொறைச்சாரு.

"நான் மீனைக் கேட்டா நீ வயர்லெஸைத் திருகுத. என்னப் பாத்தா கிறுக்கன் மாதிரி இருக்கா?"

லியோன் வயர்லெஸை அடக்கிட்டு, மிஷின் குமிழை அடிவரைக்கும் கொறைச்சான். திரை வெறிச்சோடிப் போச்சு.

"ஏலே, கொன்னுட்டியே!"

அப்புறம் மெல்ல மெல்லக் கூட்டுனான். அடியில கெட்டியா ஒரு கோடு வந்துச்சு. அதோட கையை எடுத்துட்டான்.

"என்னது இது?"

"கடல் தரை."

"தரையவா வலை போட்டு இழுக்க? மீன் எங்க?"

"தரைக்கு மேல பாருங்க."

பாத்தாரு. கண்ணைக் கசக்கிக்கிட்டும் பாத்தாரு. ஒண்ணுமில்ல.

"இப்பதானே இங்க செக்கச்செவேல்னு கெடந்துச்சு! அதெல்லாம் எங்க போச்சு?"

"எங்கயும் போகல. அது வயர்லெஸ்ல கேட்ட கரகரப்பு மாதிரிதான்."

"அப்ப மீன் இருக்கா?"

"இருந்தாத் தெரியும்."

"தெரியலியே!"

"ஆமா."

ரொமால்டுக்குத் தலை கிறுகிறுத்துச்சு. ஆமாங்கிறானா, இல்லைங்கிறானா?

பின்னால வலையைக் கையில ஏந்திக்கிட்டு சூசை கத்துனான்: "ஓனரே, விடவா?"

ரொமால்டோட கை தானா குமிழுக்குப் போச்சு. லேசாத் திருகுனாப் போதும். திரை செவந்துரும், படகு ஆளுங்க மொகமும் தெளிஞ்சுரும்.

"நீயே சொல்லித் தொலை, வாத்தியாரே. விடவா, வேண்டாமா?"

"மிஷின் சொல்லிருச்சு, அண்ணாச்சி. ஆளுங்க உங்களைத்தான் கேக்காங்க."