அப்பாவுக்குக் காது முளைத்த கதை

மேகம் இறங்கி வந்து மரங்களுக்கு நடுவே உட்கார்ந்துகொள்ளும் மலைக்காடு அது. அங்கே உயரமான ஒரு நாங்கு மரத்தின் பொந்தில் ஓர் இருவாச்சிப் பறவைக் குடும்பம் இருந்தது. அப்பா சிங்காரம், அம்மா வடிவு, மகள் மொட்டு. மொட்டுவுக்கு அப்போதுதான் இறகு முளைக்கத் தொடங்கியிருந்தது.

இருவாச்சி வீட்டு வழக்கம் கொஞ்சம் விசித்திரமானது. முட்டையிடும் காலம் வந்தால் தாய்ப் பறவை பொந்துக்குள் போய், மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலை உள்ளிருந்தே பூசி அடைத்துவிடும். அலகு நீட்டுகிற அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விடும். உள்ளே போனதும் அதன் சிறகிலுள்ள இறகுகள் உதிர்ந்துவிடும். திரும்பவும் முளைக்கும்வரை பறக்க முடியாது. தாய்க்கும் குஞ்சுக்கும் அப்பாதான் கீற்று வழியாக ஊட்ட வேண்டும். பாம்போ உடும்போ வந்தால் அந்த மண்சுவர்தான் காப்பாற்ற வேண்டும்.

சிங்காரம் நல்ல அப்பாதான். விடிந்ததும் கிளம்பி, தொண்டை நிறையப் பழத்தோடு வருவான். வந்ததும் மரத்தை அலகால் தட்டி, "வந்துட்டேன்" என்பான். "இன்னிக்கு என்ன?" என்பாள் வடிவு. "அத்தி" என்பான். நேற்றும் அத்திதானே என்று அவள் முணுமுணுப்பாள். முணுமுணுத்துக்கொண்டே வாங்கித் தின்பாள். எந்த மரம் பழுத்தது, எந்தக் குரங்குக் கூட்டம் அடித்துக்கொண்டது என்று ஊர்க் கதையெல்லாம் அவன் சொல்வான். இருட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு அந்தக் கதைகள்தான் பொழுதுபோக்கு.

சிங்காரத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. அலங்காரம். வால் அடியில் ஊறும் மஞ்சள் எண்ணெயை அலகால் தொட்டுக் கழுத்திலும், தலைமேல் கொம்புபோல் கெட்டியாக இருக்கும் கொண்டையிலும் பூசிப் பூசிப் பளபளவென்று வைத்திருப்பான். அதைப் பார்க்கப் பொந்துக்குள் யாருக்கும் வெளிச்சம் இல்லை என்பது வேறு விஷயம்.

ஒருநாள் மொட்டு ஒரு பெரிய வித்தையைக் கற்றுக்கொண்டாள். இருவாச்சிக் குஞ்சுகள் பொந்தை அசிங்கம் செய்யாது. திரும்பி நின்று, கீற்றுக்கு நேராகக் குறிபார்த்து எச்சத்தை வெளியே அடிக்கும். அன்று மொட்டு முதன்முறையாகக் குறி தவறாமல் அடித்தாள். அந்த நேரம் பார்த்துச் சிங்காரம் கீற்றுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தான். கொண்டை முழுக்க நனைந்து வழிந்தது.

வடிவு சிரித்தாள். சிரிப்பென்றால் சாதாரணச் சிரிப்பா? மரமே குலுங்கியது. மொட்டுவும் சேர்ந்து சிரித்தாள். சிங்காரத்துக்கு முகம் சுண்டிவிட்டது. நாளெல்லாம் காடு காடாக அலைந்து வருகிறவனுக்கு இதுதானா மரியாதை என்று கேட்டான். அதோடு விட்டிருக்கலாம். உள்ளே உட்கார்ந்து தின்கிறவளுக்குச் சிரிப்புத்தான் வரும் என்றும் ஒரு வார்த்தை சேர்த்தான்.

வடிவு சும்மா இருப்பாளா? "ஒரு காட்டு ஜாதிக்காய் கொண்டுவரத் துப்பில்லை. மினுக்கிக்கிறதுக்கு மட்டும் குறைச்சல் இல்லை" என்றாள்.

அன்றோடு பேச்சு நின்றது.

முதலில் மொட்டு தூது போனாள். "உங்கப்பாகிட்ட சொல்லு, அத்தி புளிக்குதாம்" என்பாள் வடிவு. "உங்கம்மாகிட்ட சொல்லு, இனிக்கிறது வேணும்னா அவளே போய்ப் பறிச்சுக்கட்டும்" என்பான் சிங்காரம். சுவரின் இரண்டு பக்கமும் இருவருக்கும் காது நன்றாகவே கேட்டது. ஆனாலும் மொட்டு ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு அதுவும் நின்றது. "நீயும் பேசாதே. நாம பேசினா இறங்கி வந்துட்டோம்னு ஆயிடும். முதல்ல அவர் பேசட்டும்" என்று மகளின் வாயையும் வடிவு அடைத்துவிட்டாள்.

சிங்காரமும் சளைத்தவன் இல்லை. இப்போதெல்லாம் அவன் மரத்தைத் தட்டுவதில்லை. அலகோடு அலகு படக் கூடாது என்று, கீற்றுக்கு அடியில் புடைத்திருந்த கணுவின்மேல் பழங்களைக் கக்கி வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டே பறந்துவிடுவான். வீட்டு வாசலை அவன் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. அவன் சிறகோசை அடங்கும்வரை வடிவு காத்திருந்து, பிறகு அலகை நீட்டிப் பழத்தைப் பொறுக்குவாள். சமயத்தில் எட்டாது. எட்டாத நாளிலும் அவனைக் கூப்பிட மாட்டாள்.

காட்டில் சத்தம் போட்டால் ஓடிவருகிறவர்கள் உண்டு. சத்தம் நின்றால் வருகிறவர்களும் உண்டு.

மேகம் அடர்ந்த ஒரு பகலில் வடிவு அலகை நீட்டினாள். பழம் தானாக அலகுக்கு வந்தது. யாரோ எடுத்துப் பக்குவமாக உள்ளே தள்ளினார்கள். கீற்றுக்கு வெளியே மஞ்சளாக ஏதோ அசைந்தது. சிங்காரத்தின் கழுத்து மஞ்சள்தான். அவன் போன சிறகோசை கேட்டதே, எப்போது திரும்பினான் என்று ஒரு கணம் யோசித்தாள். போகிற மாதிரிப் போய்விட்டுச் சத்தமில்லாமல் வந்திருக்கிறான் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பழையபடி ஊட்ட ஆரம்பித்துவிட்டாரே, நாளைக்குப் பேசியும் விடுவார் என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியே இருந்தது சிங்காரம் இல்லை. கழுத்தில் மஞ்சள் பட்டை உள்ள ஒரு மரநாய்.

அது கணுவின்மேல் நான்கு காலையும் பதித்து உட்கார்ந்து, சிங்காரம் வைத்துவிட்டுப் போன பழத்தை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி உள்ளே தள்ளியது. பழத்தின்மேல் அதற்கு ஆசை இல்லை. உள்ளே ஒரு குஞ்சு கொழுத்துக்கொண்டிருக்கிறது என்று அதற்குத் தெரியும். தள்ளி முடித்ததும், மேகத்தில் நனைந்து இளகியிருந்த மண்சுவரை நகத்தால் கொஞ்சம் சுரண்டும். சரக், சரக். அதிகம் சுரண்டாது. அன்றைக்கு வேண்டியதோடு நிறுத்திக்கொண்டு இறங்கிவிடும்.

பக்கத்து மரத்து மலையணில் ஒன்று இதைப் பார்த்தது. அங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்டது.

"புருஷன் பெண்டாட்டிக்குள்ள பேச்சு வார்த்தை இல்லையாம். பாவம், அந்தப் பொண்ணு பட்டினி கிடக்கக் கூடாதேன்னு எடுத்துக் கொடுக்கிறேன். ஒத்தாசைதான்" என்றது மரநாய். மெதுவாக, மரியாதையாகத்தான் பேசியது.

அணில் அதன் நகங்களைப் பார்த்தது. நக இடுக்கில் ஈர மண் இருந்தது. கேட்கலாமா என்று யோசித்து, அடுத்த வீட்டு விஷயம் நமக்கெதற்கு என்று தன் குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறு மரத்துக்குக் குடிபோய்விட்டது.

பொந்துக்குள் நாளுக்கு நாள் வெளிச்சம் கூடியது. முன்பு இருட்டில் தடவித்தான் மொட்டுவைக் கண்டுபிடிக்க வேண்டும். இப்போது அவள் அலகு தெரிந்தது. பிறகு கண் தெரிந்தது. வடிவுக்கு அது விளங்காமல் இல்லை, தப்பாக விளங்கியது. என் முகத்தைப் பார்க்கத்தான் சுவரைச் சுரண்டுகிறார், வாய் திறந்து சொல்ல வெட்கம் என்று நினைத்தாள். சரக், சரக் என்ற சத்தம் கேட்கும்போதெல்லாம் தனக்குள் சிரித்துக்கொண்டாள். ஆனாலும் பேசவில்லை. இவ்வளவு தூரம் வந்தவர் அந்த ஒரு வார்த்தையையும் பேசட்டுமே!

சிங்காரமோ தினமும் வந்தான், பழம் வைத்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். கணு மறுநாள் காலியாக இருக்கும். தின்னத் தெரிகிறது, பேசத் தெரியவில்லை என்று எண்ணெய் பூசிக்கொள்ளப் போய்விடுவான்.

மொட்டுவுக்குத்தான் சில சந்தேகங்கள்.

"அம்மா, பழத்துல ஓட்டை ஓட்டையா இருக்கு" என்றாள் ஒருநாள். கிளி கொத்தியிருக்கும் என்றாள் வடிவு.

"அப்பா ஏன் இப்படி மூச்சு விடறார்? முகத்துல சூடா அடிக்குது." வெகுதூரம் பறந்து வருகிறார், இளைக்காதா என்றாள்.

"போகும்போது சிறகுச் சத்தமே கேக்கலையே அம்மா." வடிவு தின்பதை நிறுத்தினாள். இருவாச்சி பறந்தால் பள்ளத்தாக்குக்கே கேட்கும். சமீபத்தில் அந்தச் சத்தம் ஒரு முறை கேட்டு அடங்கிய பிறகுதான் பழம் உள்ளே வருகிறது. அதை நினைத்ததும் அவள் மொட்டுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். யார் என்று ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துபோகும். ஆனால் அவராகவே இருந்துவிட்டால், முதலில் பேசியவள் நான் என்று காலம் முழுக்கச் சொல்லிக் காட்டுவாரே. கேட்காமல் இருந்துவிட்டாள்.

மறுநாள் காடு முழுக்க வெள்ளை. பத்தடியில் இருக்கிற கிளைகூடத் தெரியவில்லை. சிறகோசை வந்தது, போனது. சற்றுப் பொறுத்துக் கணுவின்மேல் மெத்தென்று ஏதோ உட்கார்ந்தது. பழம் வரவில்லை. சரக் சரக் மட்டும் வந்தது, இதுவரை இல்லாத வேகத்தில். மண் பொலபொலவென்று உள்ளே கொட்டியது.

மொட்டு ஆசையாக எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் நகர்ந்து வந்து, காதோரம் கிசுகிசுத்தாள்.

"அம்மா, அப்பாவுக்குக் காது முளைச்சிருக்கு."

வடிவு திரும்பினாள். கீற்று இருந்த இடத்தில் இப்போது ஓர் ஓட்டை. ஓட்டை நிறைய ஒரு தலை. மஞ்சள் கழுத்து, ஈரமான கறுப்பு மூக்கு, இரண்டு பக்கமும் வட்டமான காதுகள். அது அவளைப் பார்க்கவில்லை. மொட்டுவை மட்டுமே பார்த்தது.

பறக்கச் சிறகில்லை. வெளியேற வேறு வழியில்லை. கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. பயத்தில் என்று சொல்லிவிடலாம்தான். உண்மை அதுவல்ல. அந்த நேரத்திலும் அவளுக்குள் ஏதோ ஒன்று, நானா முதலில் பேசுவது என்று கேட்டது. வீம்பு அப்படித்தான், உயிர் போகும்போதும் முறை பார்க்கும்.

பிறகு கத்தினாள். "என்னங்க!"

பள்ளத்துக்கு அப்பால் ஒரு கிளையில் கழுத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்த சிங்காரத்துக்கு அது நன்றாகக் கேட்டது. அவன் உடனே பறக்கவில்லை. வழிக்கு வந்துவிட்டாள் என்று மார்பு நிமிர்ந்தது. இன்னொரு முறை கூப்பிடட்டும் என்று அலகைத் துடைத்துக்கொண்டான்.

"என்னங்க, மொட்டுவை..." இரண்டாவது குரல் பாதியிலேயே அறுந்தது.

அப்போதுதான் அவன் பறந்தான். மேகத்தைக் கிழித்துக்கொண்டு, எந்தக் கிளை எங்கே என்று தெரியாமல், மோதி மோதிப் பறந்தான். வந்தபோது மரநாயின் பாதி உடம்பு பொந்துக்குள் இருந்தது. வடிவு அதன் கழுத்தை அலகால் பிடித்திருந்தாள். அதன் பல்லுக்கிடையில் மொட்டுவின் கால் இருந்தது. சிங்காரம் முதன்முறையாகத் தன் அழகான கொண்டையை மறந்து, அதாலேயே மரநாயின் முதுகில் ஓங்கி இடித்தான். இன்னொரு இடியில் அது பிடியை விட்டு, கிளை கிளையாகச் சரிந்து கீழே விழுந்தது.

விழுந்தது எழுந்து உட்கார்ந்தது. உடம்பை நக்கிக்கொண்டது. வெள்ளை மேகத்துக்குள்ளிருந்து அதன் குரல் மட்டும் மேலே வந்தது.

"கோவிச்சுக்காதீங்க. நான் உங்க யாருகிட்டயும் ஒரு பொய்கூடச் சொல்லலை. வாயே திறக்கலையே."

அதன் பிறகு சருகு நொறுங்கும் சத்தம் தூரமாகப் போனது.

மொட்டு பிழைத்தாள். காலில் ஒரு விரல் மட்டும் போய்விட்டது. அழுது அழுது அம்மாவின் வயிற்றுக்கடியில் தூங்கிப்போனாள். சிங்காரம் மண் கொண்டுவந்து கொடுக்க, வடிவு உள்ளிருந்து வாங்கிப் பூசினாள். கையோடு கை சேர்ந்த மாதிரி அலகோடு அலகு பட்டது. இருவரும் பேசிக்கொண்டேதான் வேலை செய்தார்கள். இன்னும் கொஞ்சம் ஈரமாகக் கொண்டு வாருங்கள் என்று அவள் சொன்னாள். இதுவே போதும், நீ சரியாகப் பூசு என்று அவனும் சொன்னான்.

சுவர் பழையபடி கீற்று அளவுக்கு வந்ததும் வடிவு கேட்டாள்.

"நான் முதல் தடவை கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுதா?"

சிங்காரம் அலகில் ஒட்டிய மண்ணைக் கிளையில் துடைத்தான். பிறகு மறைக்காமல் சொன்னான். "கேட்டுது. ஜெயிச்சுட்டோம்னு கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன்."

அவள் கோபப்படுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டான். அவள் கோபப்படவில்லை.

"அதைப் பார்த்ததும் நான் உடனே கூப்பிடலை. முதல்ல பேசறதான்னு கொஞ்ச நேரம் யோசிச்சேன்" என்றாள்.

அவன் உட்கார்ந்திருந்த கொஞ்ச நேரமும் அவள் யோசித்த கொஞ்ச நேரமும் சேர்ந்துதான் குழந்தையின் ஒரு விரல் என்று இருவருக்கும் புரிந்தது. அதற்குமேல் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. மொட்டு தூக்கத்தில் விசும்புவது கீற்றுக்கு வெளியேயும் கேட்டது.

ஆகவே பிள்ளைகளே, பெரியவர்களே, வீட்டுக்குள் சண்டை எத்தனை வேண்டுமானாலும் போடுங்கள், பேச்சை மட்டும் நிறுத்தாதீர்கள். யார் முதலில் பேசுவது என்று நீங்கள் காத்திருக்கும் நேரத்தில்தான் கெடுதல் வீட்டுக்குள் வருகிறது.