மிளாவின் குரல் போன கதை

அந்தக் காலத்தில் மிளாவுக்கும் மனுசனுக்கும் ஒரே பேச்சுதான். மிளா தெரியுமில்லையா? மலையில் திரிகிற பெரிய மான். நின்றால் பசுமாட்டு உசரம் இருக்கும்.

மலையடிவாரத்தில் பூதத்தான் என்று ஒருவன் சாமை விதைத்திருந்தான். கொல்லையோரம் பரண் கட்டி, வில்லும் அம்புமாய்க் காவல் கிடப்பான். சலசலப்புக் கேட்டால், "யாரது?" என்பான்.

"நாந்தான்" என்று பதில் வரும்.

நம் ஆட்கள் என்றைக்குப் பேரைச் சொன்னார்கள்? கதவைத் தட்டினாலும் நாந்தான், கிணற்றுக்குள் விழுந்து கத்தினாலும் நாந்தான். பூதத்தானும் அக்கம்பக்கத்து ஆள்தான் என்று நினைத்து, "சரி, பாத்துப் போ" என்று சாய்ந்துகொள்வான்.

ஒரு கிழட்டு மிளா இதைக் கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்கு எந்தக் குரலும் வரும். ஒருநாள் மச்சான் கொம்பையா குரலில் நாந்தான் என்றது. இன்னொருநாள் மாமனார் குரலில் நாந்தான் என்றது. நடுக்கொல்லை மொட்டையான பிறகுதான் பூதத்தான் குளம்புத் தடத்தைப் பார்த்தான்.

"எங்க அப்பாவுக்கு எப்போ குளம்பு முளைச்சுது?" என்று சிரித்தாள் அவன் பெண்டாட்டி மாடத்தி. "பாத்துப் போன்னு வேற சொல்லியிருக்கிய. இலை போட்டுப் பரிமாறியிருக்கலாமே!"

அவனுக்குச் சுருக்கென்றது. "இனிமே எவன் நாந்தான்னு சொன்னாலும் அம்புதான். மிச்ச சாமையும் போச்சுன்னா, பொறக்கப்போற பிள்ளைக்கு எதைக் காய்ச்சிக் குடுப்பே?"

மறுநாள் காலை மஞ்சு இறங்கி, கை நீட்டினால் விரல் தெரியவில்லை. நிறைமாசக்காரி மாடத்தி கஞ்சிக் கலயத்தோடு கொல்லைக்குள் வந்தாள். சாமைத்தாள் சலசலத்தது.

"யாரது?"

"நாந்தான்."

முந்தினநாள் அத்தனை பேசியும் என்ன? வாய்ப்பழக்கம்!

'என் பெண்டாட்டி குரலையும் படிச்சிட்டியா?' என்று பல்லைக் கடித்து, சத்தம் வந்த திக்கில் பூதத்தான் நாணை இழுத்தான்.

கொல்லையின் மறுகோடியில் மேய்ந்துகொண்டிருந்த மிளாவுக்கு நாண் முறுகுகிற சத்தம் கேட்டது. மூச்சுக் காட்டாமல் நின்றால் அது தப்பிக்கலாம். ஆனால் தான் செய்த கள்ளத்துக்கு ஒரு சூலி சாகப்போகிறாள். அதற்குப் பொறுக்கவில்லை. காலைத் தரையில் ஓங்கி உதைத்து, தொண்டை கிழியக் கத்தியது:

"எய்யாதே! அது மாடத்தி! மிளா இங்கே நிக்கேன்!"

பூதத்தான் வில்லை வெடுக்கென்று மேலே தூக்கினான். அம்பு மாடத்தியின் தலைக்கு மேலே பறந்து வேங்கை மரத்தில் தைத்தது.

"என்னங்க, குருவி அடிக்கியளா?" என்று கேட்டபடி மாடத்தி மஞ்சுக்குள்ளிருந்து வந்தாள்.

பரணிலிருந்து விழுந்தடித்து இறங்கினான் அவன். அவள் தலையைத் தடவினான், வயிற்றைத் தடவினான். அப்புறம் அழுதான், அப்புறம் சிரித்தான்.

"கஞ்சி ஆறுது" என்றாள் மாடத்தி.

அவன் மஞ்சைப் பார்த்துக் கூவினான்: "ஏ மிளா! வா, நீயும் ஒரு வாய் குடிச்சிட்டுப் போ!"

"டாங்க்!" என்று மட்டும் பதில் வந்தது. கத்தின கத்தில் தொண்டை கிழிந்து, பேச்செல்லாம் போயிருந்தது.

அன்று முதல்தான் மிளா ஆபத்தைக் கண்டால் காலை உதைத்து "டாங்க்" என்கிறது. அந்தப் பக்கத்துக் காவல்காரர்களும் அதைக் கேட்டதுமே வில்லைத் தாழ்த்திவிட்டு, நம் வீட்டு ஆள் யாராவது வருகிறார்களா என்று முதலில் பார்க்கிறார்கள்.