செம்பி வைத்த பின்வாசல்

கருவேலங்காட்டில் முயல்களுக்கு வளை தோண்டிக் கொடுப்பது பெருச்சாளிகளின் தொழில். ஆறு பெருச்சாளிகள் சேர்ந்து தோண்டினால் ஒரு வளை முடிய ஆறு நாள் ஆகும். கூலி, கிழங்கு. செம்பி என்ற பெருச்சாளி அதை வைத்துத்தான் தன் நாலு குட்டிகளையும் வளர்த்து வந்தாள்.

ஒருநாள் மலையிலிருந்து ஓர் எறும்புத்தின்னி வந்து சேர்ந்தான். அடேயப்பா, அவன் நகங்களைப் பார்க்க வேண்டுமே! காலையில் தொடங்கினால் மதியத்துக்குள் வளை தயார். கூலியும் பாதிதான். முயல்களெல்லாம் அவன் பின்னால் போய்விட்டன.

"பாவி, நம் வயிற்றில் அடித்துவிட்டானே!" என்று குதித்தான் பெருச்சாளித் தலைவன் முறுக்கன். "வாங்கடா! அவன் தோண்டியதையெல்லாம் மூடுவோம்!"

செம்பியைத் தவிர ஐந்து பேரும் பகல் முழுக்க மூடினார்கள். எறும்புத்தின்னி கொட்டாவி விட்டுக்கொண்டே எல்லாவற்றையும் திறந்துவிட்டான். செம்பிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வீட்டில் ஒரு கிழங்குகூட இல்லை.

ஏதாவது வேலை கிடைக்குமா என்று முயல் வெள்ளைவாலியிடம் போனாள். வெள்ளைவாலி தன் புது வளைக்கு வெளியே நடுங்கிக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா ஆச்சு?"

"உள்ளே பாம்பு வந்துட்டுதடி! இருக்கிறது ஒரே வாசல். எப்படியோ அதைத் தாண்டிக் குதிச்சு ஓடி வந்தேன்!"

பாம்பு போன பிறகு செம்பி எட்டிப் பார்த்தாள். வளை நேராக, அகலமாக இருந்தது. பெருச்சாளிகள் தோண்டும் வளையில் கடைசியில் குறுகலாக ஒரு பின்வாசல் இருக்கும். எறும்புத்தின்னியின் பெரிய உடம்புக்கு அந்தச் சந்தில் வேலை செய்ய வராது.

"அக்கா, நான் பின்வாசல் வைத்துத் தரட்டுமா?"

பொழுது சாய்வதற்குள் வைத்துவிட்டாள். அன்று குட்டிகள் வயிறு நிறையத் தின்றன.

சேதி பரவியது. வளை மலிவானதால் முன்பு ஒன்று வைத்திருந்தவர்கள் இப்போது மூன்று வைத்திருந்தார்கள். மூன்றுக்கும் பின்வாசல் வேண்டுமாம்! செம்பி ஒருத்தியால் முடியுமா? தோழர்களைக் கூப்பிட்டாள். நால்வர் ஓடி வந்தார்கள்.

"அவன் வளைக்கு நான் வாசல் வைப்பதா?" என்று முறுக்கன் மட்டும் முறுக்கிக்கொண்டு கிடந்தான். மூன்றாம் நாள் பசி தாங்காமல் அவனும் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

அங்கே வளை தோண்டிக்கொண்டிருந்த எறும்புத்தின்னி அவனிடம் ஒரு கிழங்கை நீட்டினான். "முதல்ல சாப்பிடுங்க அண்ணே! பின்வாசல் இல்லாத வளையை இப்ப யாரும் கேட்கிறதே இல்லை. நீங்க வந்தால்தான் எனக்கும் பிழைப்பு!"

புதிய திறமை நம் வேலையைப் பறித்தால் அதோடு மல்லுக்கட்டாமல், அதற்கு எட்டாத வேலையைத் தேடிப் பிடிப்பவரே பிழைத்துக்கொள்வார்.