பட்டர் ஃப்ரூட் கொட்டையும் பொங்கல் சீரும்

“ஒரு கிட்னிக்கு ஈடா என்ன சீர் செய்யலாம்மா?”

கேட்டவன் பெத்தணன். வத்தலக்குண்டில் தையல்கடை வைத்திருப்பவன், ஐம்பதைத் தாண்டியவன். தவமணியம்மா அவனைவிடப் பத்து வயது இளையவர். தாண்டிக்குடி மலையில், காப்பிச் செடிகளுக்கு நடுவே ஓர் ஓட்டு வீட்டில் இருந்தார். மனசு சரியில்லை என்றால் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள்.

“யார் கொடுத்த கிட்னி, அண்ணே?”

“எங்கக்கா ஒச்சம்மா, எனக்குக் கொடுத்தா. உசிலம்பட்டியில இருக்கா. பொங்கலுக்குப் பொங்கல் நான்தான் அவளுக்குச் சீர் கொண்டு போவேன். இப்ப ரெண்டு பொங்கலாப் போகலை. உசிரைக் கொடுத்தவ வாசல்ல, கரும்பையும் பச்சரிசியையும் தூக்கிக்கிட்டு எந்த முகத்தை வெச்சுக்கிட்டு நிப்பேன்?”

“அவங்க கூப்பிடலையா?”

“கூப்பிடுறா. வேலை இருக்குன்னு சொல்லிடுவேன்.”

தவமணியம்மா ஒரு பட்டர் ஃப்ரூட்டைப் பிளந்தார். சீனி தூவி, ஆளுக்குப் பாதி. தின்று முடித்ததும் கொட்டையைக் கழுவி அவன் கையில் வைத்தார்.

“மூணு ஈர்க்குச்சி குத்தி, ஒரு கண்ணாடி டம்ளர் வாயில நிக்க வைங்க. கூர்முனை மேல இருக்கணும். அடி மட்டும் தண்ணியில நனையணும்.”

“இதுவா சீர்?”

“முதல்ல முளைக்கட்டும்.”

வீட்டு ஜன்னலில் வைத்தான். இரண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றினான். கொட்டையோ பிடித்து வைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருந்தது.

ஏழாவது வாரம் அது வெடித்தது. அழுகித்தான் போய்விட்டது என்று நினைத்தான். நாலு நாள் கழித்து, அந்த விரிசலிலிருந்தே ஒரு வெள்ளை வேர் இறங்கியது. அப்புறம் தண்டு. அப்புறம் இலைகள்.

ஐந்தாவது மாதம் டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு மலைப் பஸ்ஸில் ஏறினான்.

“நல்லா வந்திருக்கே, அண்ணே.”

“செடி நல்லாத்தான் இருக்கு. இந்தக் கொட்டைதான் கண்றாவியா இருக்கு. வெடிச்சு, சுருங்கி. பிய்ச்சுப் போட்டுட்டா லட்சணமா இருக்கும்ல?”

“பிய்ச்சிடாதீங்க. செடி இன்னும் அதைத் தின்னுதான் வளருது.”

பெத்தணனுக்கு முகம் விழுந்துவிட்டது.

“இவ்வளவும் கொடுத்த கொட்டைக்கு இந்தச் செடி என்னத்தம்மா திருப்பிக் கொடுக்கும்?”

தவமணியம்மா டம்ளரை வாங்கி வெயில் பக்கம் திருப்பினார். உச்சியில் செம்பு நிறத்தில் ஒரு குருத்து அப்போதுதான் சுருள் பிரிந்துகொண்டிருந்தது. அதை விரல் நுனியால் தொட்டுக் காட்டினார்.

பெத்தணன் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

பிறகு டம்ளரை அங்கேயே விட்டுவிட்டு, கீழே போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். வழியெல்லாம் கண் நிறைந்து நிறைந்து வந்தது. துக்கமில்லை. இரண்டு வருஷமாக வெட்கப்பட்டதில், பிழைத்ததற்குச் சந்தோஷப்படவே மறந்திருந்தான்.

உசிலம்பட்டியில் கதவைத் திறந்த ஒச்சம்மா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

“வெறுங்கையோட வந்துட்டேன்க்கா.”

அவள் அவன் கையைப் பார்க்கவே இல்லை.

“எங்க, திரும்பு, பார்ப்போம்.”

திரும்பி நின்றான்.

“சதை போட்டிருக்கியே தம்பி,” என்றாள். அக்காவுக்கு வாயெல்லாம் பல்.