மேடையில் கிடைத்த அப்பா

முதல் அநியாயம், சிறார் கூர்நோக்கு இல்லத்தில் இருந்தவள் என்று சங்கவியைப் பள்ளிக்கூடம் சேர்க்க மறுத்தது. இரண்டாவது, அதையே சொல்லித் தையல் கம்பெனி அவளை விரட்டியது. மூன்றாவதுதான் பெரியது. தொழிற்பயிற்சி நிலையத் தாளாளர் தணிகாசலம், அவள் அநாதை என்று தெரிந்தே, "அப்பா கையெழுத்து இருந்தால்தான் இடம்" என்றார்.

இப்படிப்பட்ட பிள்ளைகளைப் படிப்பிலும் வேலையிலும் சேர்த்துவிடும் எங்கள் அமைப்பின் ஆண்டு விழாவுக்கு அவரே தலைமை. கழுத்தில் மாலையோடு முழங்கினார்: "இந்தப் பிள்ளைகளுக்கு இனி நானே அப்பா!"

கைதட்டல் அடங்குமுன் சங்கவி அவருடைய நிலையத்தின் சேர்க்கை விண்ணப்பத்தோடு மேடையேறினாள்.

"அப்பா, இதுல ஒரு கையெழுத்து."

"நாளைக்கு ஆபீசுக்கு வாம்மா."

"ஏம்ப்பா, நாளைக்கு மனசு மாறிடுமா?"

கூட்டம் சிரித்தது. தணிகாசலமும் வேறு வழியின்றிச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். விழாவைத் தொகுத்து வழங்கிய நான் விண்ணப்பத்தை வாங்கி, எல்லோரும் கேட்க ஒலிபெருக்கியில் வாசித்தேன்:

"மாணவி, சங்கவி. தந்தை அல்லது பாதுகாவலர், தாளாளர் தணிகாசலம்."