சுவரில் விழுந்த வால்

அந்தக் காலத்தில் பல்லிகள் பேசும். எழுதிய வாக்கியங்களுக்கும் உயிர் உண்டு. கப்பலில் வந்திறங்கிய ஆங்கில வாக்கியங்களுக்கு மட்டும் ஒரு பிடிவாதம் இருந்தது. தொடங்கினால் ஒரே மூச்சில் படித்து முடிக்க வேண்டும். நடுவில் நின்றால், சொன்ன பாதி எழுந்து, மறுபாதியைக் கேட்டு அலையும்.

துறைமுகச் சுவரில் விடியும்போதெல்லாம் அப்படியொரு வாக்கியம் தானாகத் தோன்றியிருக்கும். அதைப் படித்த பிறகே படகுகள் இறங்கும். வேலப்பன்தான் படித்துவந்தான். ஒரு நாள் வாக்கியம் மிக நீளம். படித்து முடித்தான், போன மூச்சு திரும்பவில்லை.

ஊரில் ஆங்கில எழுத்து தெரிந்த இன்னொருத்தி அவன் தங்கை செம்பாயி. அவளைச் சுவர் முன்னால் நிறுத்தினார்கள்.

"உங்க அண்ணனுக்கே மூச்சு பத்தல. உனக்கு எங்கம்மா பத்தும்?" என்றார் படகுக்கார மாசிலாமணி.

"பத்தலைன்னா அடுத்து நீங்க படிங்க மாமா" என்றாள்.

படிக்கத் தொடங்கினாள். "கடல் உள்வாங்கும்போது" என்று தொடங்கிய முதல் பாதி, சுவரின் கோடிவரை நீண்டது. அதன் முடிவில் ஒட்டியிருந்த பல்லி சத்தமிட்டது. பல்லி சொன்னால் பேச்சை நிறுத்திவிட்டு விரலால் தட்டுவது அந்த ஊர் வழக்கம். பழக்கத்தில் செம்பாயி படிப்பதை நிறுத்தித் தட்டிவிட்டாள்.

கடல் சத்தமில்லாமல் பின்னே போனது. படகுகள் சேற்றில் சாய்ந்தன. தொடுவானம்வரை ஈர மணல். நடுவில் நின்ற பாதி எழுந்து, அவள் காதருகே வேலப்பனின் குரலில் கேட்டது.

"கடல் உள்வாங்கும்போது... அப்புறம் என்ன, தங்கச்சி?"

செம்பாயி சுவரிலேயே கண் பதித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. மீதியைச் சொல்ல மூச்சும் இல்லை.

"நிறுத்தினது நான். நானே பிடிச்சுக்கிறேன்" என்றது பல்லி. தன் வாலைக் கழற்றிவிட்டது. வால் அந்தப் பாதியின் கடைசி எழுத்துக்குக் கீழே விழுந்து, துடித்து, வளைந்து ஒட்டிக்கொண்டது. குரல் அங்கேயே நின்றது.

"இப்ப மூச்சு வாங்கிக்கோ" என்றது பல்லி.

வாங்கினாள். "அது அமைதியாகத் திரும்பிவரும்" என்ற மறுபாதியைப் படித்தாள். தண்ணீர் மெல்ல வந்து படகுகளைத் தூக்கியது. அண்ணன் குரல் அடங்கியது.

மறுநாள் அதே வாக்கியத்தில் பாதிகள் இடம் மாறியிருந்தன. செம்பாயி நடுவில் வாலைத் தேடினாள்.

"முன்னால இருக்கிறது சொந்தக் கால்ல நிக்குது. பின்னால வர்றது அதோட தோளைப் பிடிச்சுக்கும். என் வால் எதுக்கு?" என்றது பல்லி.

அன்று முதல்தான், ஆங்கிலத்தில் தனியே நிற்க முடியாத பாதி முன்னால் வந்தால், அதன் காலடியில் பல்லியின் வால் காற்புள்ளியாக வளைந்து கிடக்கிறது. அதை வைக்க மறந்தவர்களின் காதருகே இன்றும் யாரோ, "அப்புறம்?" என்கிறார்கள்.